உப்போடைக்குப் போன படிக்கம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். வரி கேட்பதற்கு முன்னால் மழை பெய்ததா என்று கேட்கிறவர். அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. வருஷத்துக்கு ஒரு பித்துப் பிடிக்கும். ஒரு வருஷம் புறா வளர்த்தார். மறு வருஷம் மூலிகை எண்ணெய் காய்ச்சினார். அந்த வருஷம் அரண்மனையில் வழுக்கி விழாத மந்திரி கிடையாது.

இந்தக் கதை நடந்த வருஷம் அவருக்குப் பிடித்தது மரியாதைப் பித்து. பக்கத்து நாட்டு ராஜா வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இடத்தில், அந்த ராஜாவின் செருப்புக்கு ஒருவன் குடை பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டார். ஊர் திரும்பியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தம்முடைய செருப்பு இத்தனை வருஷமாக வெயிலில் கிடந்ததை நினைத்து நினைத்து இளைத்துப் போனார்.

ராஜாவின் துயரத்தைத் தீர்க்க முன்வந்தவர் ராயசம் வைகுண்டநாதர். ராயசம் என்றால் அரண்மனை ஓலைகளையெல்லாம் எழுதுகிற பெரிய அதிகாரி. ஒரு வரியில் முடிகிற விஷயத்தை ஒன்பது வரியில் எழுதக்கூடியவர். மூன்று மாதம் உட்கார்ந்து 'மரியாதை ஏடு' என்று ஒன்றை எழுதி முடித்தார். ராஜாவின் குடை வெளியே போனால் எப்படிப் போக வேண்டும், செருப்பு எப்படிப் போக வேண்டும், விசிறி, வாள், தலையணை, எல்லாவற்றுக்கும் விதி. 'ராஜாவின் மேனி தொட்ட பொருள் ராஜாவே' என்பது முதல் வரி. ராஜா அந்த வரியைக் கேட்டதும் கண்கலங்கி, இன்னும் இரண்டு ஓலை கேட்டு, சுகமாகக் கொட்டாவி விட்டு, முத்திரை வைத்துவிட்டார். மீதியை அவரும் படிக்கவில்லை, வேறு யாரும் படிக்கவில்லை.

ராயசம் அதில் தமக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டார். அந்த மாதம்தான் அவர் மகளுக்குக் கல்யாணம். ராஜாவின் விசிறியை ஐந்து நாளும் கல்யாண வீட்டுக்கு இரவல் கேட்டு வாங்கியிருந்தார். ஆகவே ஏட்டில், 'ராஜாவின் பொருள் ஐந்து நாள் இடைவிடாமல் போன வழி ராஜ வழி ஆகும்; அது எல்லாக் குடிகளுக்கும் பொது; அதை அடைப்பவனுடைய நிலம் அரண்மனைக்கு' என்று ஒரு வரி. ஐந்தாம் நாள் அவர் வீட்டுச் சந்து ராஜ வழி ஆனது. பக்கத்து வீட்டுக்காரர்களின் மாட்டுக்கொட்டில்கள் எல்லாம் நான்கு முழம் பின்னால் போயின.

ஏடு எழுதிய கைக்கு ராஜா ஒரு மாந்தோப்பைப் பரிசாகக் கொடுத்தார். ஊருக்கு மேற்கே இருந்தது அந்தத் தோப்பு. தோப்பின் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. அதில் இரண்டு நாழிகை நடந்தால் உப்போடை என்கிற சிற்றூர். ஊருக்கு அந்தப் பெயர் வந்ததே, பக்கத்தில் ஓடுகிற உப்புத் தண்ணீர் ஓடையால்தான். அந்தத் தண்ணீரை மனிதனும் குடிக்க மாட்டான், மாடும் குடிக்காது. கோரைப்புல் மட்டும் அமோகமாக வளரும். உப்போடைக்காரர்கள் கோரைப்பாய் முடைந்து, சுருட்டித் தலையில் வைத்து, அந்தப் பாதை வழியாக ஊருக்குக் கொண்டுவந்து விற்பார்கள். எந்தக் காலத்தில் முதல் ஆள் அதில் நடந்தான் என்று யாருக்கும் தெரியாது.

தோப்பு கைக்கு வந்த மறுநாளே ராயசம் இரண்டு பக்கமும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வேலி அடைத்தார். மாங்காய்த் திருட்டாம். மாமரம் அப்போது பூக்கக்கூட இல்லை.

பாய்க்காரர்கள் வண்டிப்பாதையில் சுற்றி வந்தார்கள். காலையில் கிளம்பினால் ஊர் வந்து சேர மதியமாகும். அந்தப் பாதை வழியில் இரண்டு இடத்தில் ஆற்றில் இறங்கி ஏறும். பாய் நனையும். நனைந்த பாயை யார் வாங்குவார்கள்.

இங்கேதான் நம்முடைய ஆள் வருகிறான். அரசவை விகடன் ஆவுடையப்பன். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அவன் மட்டும் சிரிக்க மாட்டான். அவனுடைய ஒரே மகள் செண்பகவடிவை உப்போடையில்தான் கட்டிக் கொடுத்திருந்தான். அவளுக்கு இப்போது நிறைமாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. வளைகாப்புப் போட்டாயிற்று, பெண்ணை அழைத்துவர நாளும் பார்த்தாயிற்று. அப்போதுதான் வேலி விழுந்தது.

வண்டியில் அழைத்து வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஆறு தாண்டக் கூடாது. வண்டிப்பாதையில் ஆறு இரண்டு தரம் குறுக்கே வரும். அதோடு, உப்போடையில் மருத்துவச்சியும் கிடையாது. இருக்கிற ஒரே மருத்துவச்சி ஆவுடையப்பன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தாள். அவளுக்கு மூட்டுவலி, எந்தப் பாதையிலும் அவளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, வண்டிக் குலுக்கலும் தாங்காது. போன ஆவணியில் உப்போடையில் ஒரு பெண், உதவிக்கு ஆள் வந்து சேர்வதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். அப்போது பாதை திறந்திருந்தது. அப்படியும் நேரம் போதவில்லை.

ஆவுடையப்பனின் மனைவி கோமு நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"ராஜாவைப் பத்து வருஷமா சிரிக்க வச்சிருக்கீங்க. ஒரு நாளைக்கு நம்ம புள்ளைக்காக ஒரு வார்த்தை கேட்டா என்ன, கொறஞ்சா போகும்?"

அவன் மறுநாள் சபையில் கேட்டான். விகடம் எதுவும் கலக்காமல், பணிவாகவே கேட்டான். பழைய பாதை அடைபட்டுக் கிடக்கிறது, குடிகள் சிரமப்படுகிறார்கள், திறந்துவிட உத்தரவாக வேண்டும் என்றான். ராஜா ராயசத்தைப் பார்த்தார். ராயசம் எழுந்தார்.

"அரசே, நாட்டிலுள்ள பாதைகள் அனைத்தும் அடியேன் எழுதிய ஏட்டில் உள்ளன. என் தோப்பில் பாதை என்று எதுவும் ஏட்டில் இல்லை. அங்கே இருப்பது மனிதர் மிதித்துப் புல் தேய்ந்த இடம். புல் தேய்ந்த இடத்தையெல்லாம் பாதை என்றால் நாட்டில் தோப்பு மிஞ்சாது."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஏட்டைப் பற்றி யார் பேசினாலும் அந்த வருஷம் அவருக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆவுடையப்பனுக்கு நாக்கு அரித்தது. வேண்டாம் வேண்டாம் என்று அவன் அடக்கிப் பார்த்தான்.

"உண்மை, அரசே. சிம்மாசனத்தின் நடுவிலும் பட்டு தேய்ந்திருக்கிறது. அங்கே யாரும் உட்கார்வதில்லை என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது."

வேறு வருஷமாக இருந்தால் ராஜா சிரித்திருப்பார். மரியாதைப் பித்துப் பிடித்த வருஷம் என்பதால் முகம் சிவந்தார். ராயசம் எதிர்பார்த்திருந்த நேரம் இதுதான். பத்து வருஷமாக இந்த விகடன் வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறார், தாம் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுகிறார் என்பது அவருடைய தீராத வயிற்றெரிச்சல்.

ராஜாவின் படிக்கம் ஏந்துகிற ஆள் வேலையை விட்டுப் போய் ஒரு வாரமாகியிருந்தது. படிக்கம் என்பது வெற்றிலை எச்சில் துப்புகிற பித்தளைக் கலம். ஆவுடையப்பனுக்கு வாயிலிருந்து விழுவது அதிகமாகிவிட்டது, இனி வாயிலிருந்து விழுவதை அவன் ஏந்தட்டும் என்றார் ராயசம். அதோடு விடவில்லை. படிக்கத்துக்கு ஏட்டில் முப்பத்தோரு விதி உண்டு, அதில் ஒன்று பிசகினாலும் ஆளை நாடு கடத்த வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். ராஜா அப்படியே ஆகட்டும் என்றார்.

சபை கலைந்ததும் ராயசம் அவனைத் தூண் மறைவுக்கு அழைத்தார். குரலில் தேன் தடவியிருந்தது. பெண்ணைப் பெற்றவன் கஷ்டம் தமக்கும் தெரியும் என்றார். ஒரே ஒரு நாள் வேலியைத் திறந்துவிடத் தயார். அதற்குப் பதிலாக, தோப்பில் பாதை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று ஆவுடையப்பன் சபையில் தன் வாயால் சொல்ல வேண்டும். உப்போடைப் பெண்ணின் தகப்பனே சொல்லிவிட்டால் பாய்க்காரர்கள் வாய் தானாக மூடிவிடும்.

ஆவுடையப்பன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். அவனுக்கு ஆசையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பொய், ஒரு நாள், மகள் வீட்டில். கோமுவிடம் சொன்னான். சொல்லிவிட்டு வாங்களேன் என்றாள் அவள். அப்புறம் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரு நாள் தொறப்பாரு, வந்துருவா. அஞ்சாம் மாசம் கைப்புள்ளையோட திரும்பிப் போகணுமே, அன்னைக்கு யாரு தொறப்பா?"

"அதைத்தான் நானும் நெனச்சேன்."

"அப்போ போன ஆவணியில போச்சே அந்தப் பொண்ணு, அவ தங்கச்சியும் இப்போ முழுகாம இருக்காளாம். அவளுக்கு அப்பன் விகடன் இல்ல." கோமு விறகை இழுத்து வைத்தாள். "என்ன செய்வீங்களோ செய்யுங்க. ஆனா சீக்கிரம் செய்யுங்க. உங்க விகடத்துக்காகப் பத்தாம் மாசம் காத்துக்கிட்டு நிக்காது."

அவன் மரியாதை ஏட்டைக் கேட்டு வாங்கி வந்து உட்கார்ந்தான். முதல் ஓலையிலிருந்து கடைசி ஓலை வரை படித்தான். அந்த ஏட்டை முழுதாகப் படித்த முதல் மனிதன் அவன்தான். எழுதியவரே திருப்பிப் படித்ததில்லை. விசிறி போன வழியைப் பற்றிய வரியில் விரல் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு படிக்கத்தின் முப்பத்தோரு விதிகளையும் இரண்டு தரம் படித்தான். பிறகு ஏட்டை மூடிவிட்டு, புளியும் சாம்பலும் போட்டுப் படிக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தான்.

மறுநாள் காலை, ராயசம் வீட்டு வாசலில் கொம்பு ஊதுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், விதிப்படி முன்னால் கொம்புக்காரன், பின்னால் ஒரு குடைக்காரன், குடையின் கீழே ஆவுடையப்பன். அவன் கையில், மார்புக்கு நேராக, ராஜாவின் படிக்கம்.

ஆவுடையப்பன் தலை வணங்கிவிட்டுச் செய்தியைச் சொன்னான். 'படிக்கத்தை ஆற்றிலும் குளத்திலும் கழுவலாகாது, அவை குடிநீர். யாரும் குடிக்காத ஓடுநீரில் நாள்தோறும் கழுவ வேண்டும்' என்பது மூன்றாம் விதி. இந்தத் திசையில் யாரும் குடிக்காத ஓடுநீர் உப்போடை ஒன்றுதான். பழைய ஆள் அரண்மனை அடுக்களைக்குப் பின்னால் கழுவிக்கொண்டிருந்தான். அது விதிமீறல். தான் விதி மீறினால் தன்னை நாடு கடத்திவிடுவார்கள். ஆகவே படிக்கம் உப்போடைக்குப் போக வேண்டும். வழியில் ராயசத்தின் தோப்பு இருக்கிறது.

வண்டிப்பாதையில் போகச் சொன்னார் ராயசம். ஆவுடையப்பன் ஐந்தாம் விதியைச் சொன்னான். படிக்கம் ஆறு தாண்டக் கூடாது. ஏன் கூடாது என்று ராயசத்துக்கே நினைவில்லை. எழுதுகிற வேகத்தில் எழுதியது.

ராயசம் அரண்மனைக்கு ஓடினார். எச்சில் கலத்துக்காக வேலியைத் திறப்பதா என்று முறையிட்டார். ராஜா அவரை ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"என் மேனி தொட்ட பொருள் நானே என்று எழுதியவர் நீர்தாமே? என்னை முள்வேலிக்கு வெளியே நிற்க வைப்பீரோ?"

வேலி திறந்தது. படிக்கம் போனது. அதன் பின்னால் உடனே மூடிக்கொண்டது. விற்காத பாயோடு வீடு திரும்ப வந்த பாய்க்காரர்கள் இந்தப் பக்கமே நின்றார்கள். படிக்கத்துக்குத்தான் உத்தரவு, பாய்க்கு இல்லை என்றான் காவல்காரன். சட்டப்படி அது சரிதான். ஐந்து நாள் ஆகவில்லையே.

மறுபக்க வேலிக்கு வெளியே, உப்போடைக் கரையில், செண்பகவடிவு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்து, கால் வீங்கி இருந்தது. ஆவுடையப்பன் அதைப் பார்த்தான். படிக்கம் ஏந்தியவன் வழியில் நின்று சொந்தக் கதை பேசக் கூடாது என்பது பத்தாம் விதி. அவன் நிற்கவில்லை. கழுவிக்கொண்டு திரும்புகையில், பார்வையை நேரே வைத்துக்கொண்டே, "இன்னும் நாலு நாளு தாயி" என்று மட்டும் காற்றுக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நடந்தான்.

இரண்டாம் நாள் குடை ஒரு மாங்கிளையில் இடித்தது. ராஜ பொருளின் குடை மேல் இலை படக் கூடாது. நிலத்துக்காரர் தாமே நின்று கிளை கழிக்க வேண்டும் என்பது விதி. ராயசம் தலைப்பாகையோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள், வழி ஏட்டில் சொன்ன நான்கு முழ அகலம் இல்லை என்று தெரிந்தது. மேடு வெட்டி, பள்ளம் தூர்த்து, சறுக்குகிற இடத்தில் மணல் கொட்டினார்கள். நான்காம் நாள் கழுவித் திரும்புகையில் ஆவுடையப்பன் வழியில் அசையாமல் நின்றுவிட்டான். தனக்குக் கை வலிக்கிறது என்றும், படிக்கத்தைத் தரையில் வைக்கக் கூடாது என்றும், மார்பளவு உயரத்தில் சமதளமான கல் வேண்டும் என்றும் சொன்னான். கல் வருகிற வரை அவன் படிக்கத்தோடு நின்றான், ராயசம் அவனோடு நின்றார். மாலைக்குள் தோப்பில் மூன்று இடத்தில் கல் நட்டார்கள். தலைச்சுமைக்காரர்கள் சுமை இறக்கி வைக்க ஊருக்கு ஊர் நட்டு வைக்கிற சுமைதாங்கிக் கல் எந்த உயரமோ, சரியாக அதே உயரம், அடியில் ஆள் உட்கார ஒரு திண்டும் உண்டு.

அன்றைக்குத்தான் ராயசத்துக்கு ஐந்து நாள் வரி நினைவுக்கு வந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மறுநாளும் படிக்கம் போய்விட்டால் தோப்பின் நடுவே ராஜ வழி. அவர் ஏட்டை எடுத்து, முதன்முறையாகத் தாம் எழுதியதைத் தாமே படித்தார். ஏழாம் விதியில் முகம் மலர்ந்தது. 'ராஜா வெற்றிலை போட்டிருக்கையில் படிக்கம் ஏந்துபவன் அருகை விட்டு அகலக் கூடாது.'

ஐந்தாம் நாள் சூரியன் உதிக்கும்போதே ராயசம் ஒரு தட்டு நிறையக் கொழுந்து வெற்றிலையோடு ராஜாவின் முன்னால் நின்றார். கிராம்பு, ஜாதிக்காய், பச்சைக் கற்பூரம், எல்லாம் தம் கையால் மடித்தது. ராஜாவுக்கு வெற்றிலை என்றால் உயிர். ஒன்று போட்டார், இரண்டு போட்டார், நான்கு போட்டார். கன்னம் இரண்டும் உப்பின.

பக்கத்தில் படிக்கத்தோடு நின்ற ஆவுடையப்பனுக்குப் பொறி புரிந்துவிட்டது. நின்றால் ஐந்தாம் நாள் அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து ஐந்து நாள் எண்ண வேண்டும். செண்பகவடிவிடம் ஐந்து நாள் இல்லை. நேற்றே வயிறு இறங்கிவிட்டது என்று சம்பந்தியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லியிருந்தாள். போனால் நாடு கடத்தல். அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான்காம் விதி அவன் பக்கம் இருந்தது. 'உதயத்திலிருந்து ஐந்து நாழிகைக்குள் படிக்கம் ஓடையில் இருக்க வேண்டும். ராஜாவே தடுத்தாலும் தாமதிக்கக் கூடாது.' ராஜாவே தடுத்தாலும் என்பதை ராயசம் ஒரு அழகுக்காக எழுதியிருந்தார்.

அவன் வணங்கினான். திரும்பினான். போய்விட்டான். வெளியே கொம்பு ஊதியது.

கொஞ்ச நேரத்தில் ராஜாவின் வாய் நிறைந்தது. கை நீட்டினார். கையில் படிக்கம் வரவில்லை. திரும்பிப் பார்த்தார், ஆளே இல்லை. ராயசம் பதறிப்போனவர் போல, விகடன் விதியை மீறி ஓடிவிட்டான், கையோடு பிடித்துத் தண்டிக்க வேண்டும் என்றார். ஒரு சேவகன் செம்பு ஒன்றை நீட்டினான். ராஜா தலையை ஆட்டினார். 'ராஜாவின் எச்சில் தரை அறியாது, வேறு கலமும் அறியாது' என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு சில வரிகளில் ஒன்று. கேட்டபோது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

ராஜா எழுந்தார். வாயைத் திறந்து பல்லக்கு கேட்க முடியவில்லை. நடந்தார். ராயசமும் அதிகாரிகளும் பின்னால் ஓடினார்கள். கோட்டை வாசலைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, ராஜா இரண்டு கன்னமும் உப்பியபடி யாரையும் பார்க்காமல் போவதைக் கண்டு ஜனங்கள் வழிவிட்டார்கள். போர் வந்துவிட்டது என்று சிலர் கடையை மூடினார்கள்.

தோப்பின் ஊர்ப் பக்க வேலியை, வருவது ராஜா என்பதால், காவல்காரன் அடியோடு பிடுங்கி எறிந்தான். வீடு திரும்பக் காத்திருந்த பாய்க்காரர்கள் பின்னாலேயே நுழைந்தார்கள். தடுக்க வேண்டியவன் தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தான். ராஜா போனார். மணல் காலுக்கு இதமாக இருந்தது. கிளைகள் தலைக்கு மேலே உயரத்தில் நிழல் கொடுத்தன. வழியெல்லாம் ராயசம் பேசிக்கொண்டே வந்தார்.

"ஆவுடையப்பன் துரோகி அல்லவா, அரசே?"

"ம்."

"அவனை இன்றே நாடு கடத்த வேண்டும் அல்லவா?"

"ம்."

ராஜாவால் அந்தச் சமயத்தில் சொல்ல முடிந்தது அந்த ஓர் எழுத்துதான். ஆனால் ராயசத்துக்குப் பரம திருப்தி.

தோப்பின் மேற்குக் கோடியில் வேலி இல்லை. அன்றைக்கு ஐந்து நாழிகை முடியும் முன்பே படிக்கம் ஓடையில் இறங்கிவிட்டது என்று கொம்புக்காரன் ஊதிய ஊதலில், உப்போடைக்காரர்களே ராஜ வழி ஆகிவிட்டதென்று முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். வேலி இருந்த இடத்துக்கு இந்தப் பக்கம், படிக்கத்துக்காக நட்ட கடைசிக் கல்லின் திண்டில் செண்பகவடிவு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு தூரம்தான் அவளால் நடக்க முடிந்தது. ராஜாவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். ராஜா கையால், உட்கார், உட்கார் என்றார்.

ராயசம் விடவில்லை. ராஜ பொருளுக்காக நட்ட ஆசனத்தில் ஒரு பாய்க்காரன் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பதைச் சுட்டிக் காட்டினார். ராஜா அவரைப் பார்த்த பார்வையில், நல்லவேளை, வார்த்தை இல்லை.

ஓடைக்கரையிலிருந்து ஆவுடையப்பன் வந்துகொண்டிருந்தான். கழுவிய படிக்கம் வெயிலில் மின்னியது. ராஜா இரண்டு கையையும் நீட்டினார். ஆவுடையப்பன் அதே நடையில் வந்தான். படிக்கம் ஏந்தியவன் ஓடக் கூடாது என்பது பன்னிரண்டாம் விதி. ராஜாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொறுக்க முடியாமல் அவரே ஓடினார். தோப்பு முடிந்து, வேலி இருந்த இடமும் தாண்டி, ஓடைக்கரை வரை ஓடி, ஆவுடையப்பன் முழங்காலிட்டு ஏந்திய படிக்கத்தில் நெடுநேரம் துப்பினார்.

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டார். திரும்பி, தாம் வந்த வழியைப் பார்த்தார். அதில் அப்போது உப்போடைக்காரர்கள் பதினைந்து இருபது பேர் தலையில் பாயோடு ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"வைகுண்டநாதரே, உம் தோப்பில் பாதை இல்லை என்றீரே. அப்படியானால் நான் எதன் மேல் நடந்து வந்தேன்?"

ராயசம் வாயைத் திறந்தார். பாதை என்றால் சபையில் சொன்னது பொய். பாதை இல்லை என்றால், ராஜா நடந்ததே இல்லை என்றாகும். ஒரு வரியில் முடிகிற விஷயம். ஒன்பது வரிக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புல் தேய்ந்த இடம், அரசே," என்றான் ஆவுடையப்பன். "ஆனால் நான்கு முழ அகலத்துக்கு, மணல் தூவி, கல் நட்டு, இவ்வளவு பக்குவமாகப் புல்லைத் தேய்க்க நம் ராயசம் ஒருவரால்தான் முடியும்."

ராஜா சிரித்தார். மரியாதைப் பித்துப் பிடித்த நாளிலிருந்து அவர் சிரித்ததே இல்லை. சேர்ந்திருந்த சிரிப்பெல்லாம் இப்போது வந்தது. கல்லில் உட்கார்ந்திருந்த செண்பகவடிவும் சிரித்தாள். சிரிக்காதேடி, வலி எடுத்துவிடும் என்று மாமியார் அதட்டினாள்.

ராயசம் கடைசியாக ஏழாம் விதியைச் சொல்லிப் பார்த்தார். ஆவுடையப்பன் நான்காம் விதியைச் சொன்னான். இரண்டும் ஒரே கை எழுதியது. ஒன்றைக் காத்தால் மற்றது போகும் என்கிறபோது முன்னால் இருப்பதைக் காத்தேன், தண்டனை உண்டென்றால் ஏற்கிறேன் என்றான். ராஜா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து, பிறக்கப் போகிற பிள்ளைக்கு என்று செண்பகவடிவின் மடியில் வைத்தார். பிறகு ஆவுடையப்பனிடம் என்ன வேண்டுமோ கேள் என்றார்.

"படிக்கம் ஏந்துகிற உத்தியோகம் இன்னும் ஒரு வருஷம் வேண்டும், அரசே. மாதம் ஒரு திசையில், எந்த ஓடை என்பதை நானே தேர்ந்துகொள்கிறேன்."

ராஜா மறுபடி சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். எத்தனை இடத்தில் பாதையை அடைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். ஆவுடையப்பன் சொன்னான். கேட்டு முடித்தபோது ராஜாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. உத்தியோகத்தைக் கொடுத்தார். அதோடு ராயசத்தைப் பாதைகளுக்கெல்லாம் காரியக்காரராக நியமித்தார். கிளை எவ்வளவு உயரம், மணல் எவ்வளவு கனம் என்று அவரைப் போல எழுதக்கூடிய ஆள் நாட்டில் வேறு இல்லை என்பது ராஜாவின் அபிப்பிராயம். படிக்கத்துக்கு ஒரு நாள் முன்னால் ராயசம் போக வேண்டும். போனார். தொழிலில் சோடை சொல்ல முடியாது.

செண்பகவடிவு தகப்பனோடு மெல்ல நடந்து, மூன்று கல்லிலும் உட்கார்ந்து எழுந்து, மதியத்துக்குள் வீடு வந்து சேர்ந்தாள். கோமு வாசலில் நின்றிருந்தாள். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, கணவன் கையிலிருந்த கலத்தைப் பார்த்தாள்.

"அதைக் கொல்லையில வச்சிட்டு உள்ள வாங்க. ராஜாவா இருந்தாலும் எச்சிக் கலம் எச்சிக் கலந்தான்."

மூன்றாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் அது தாயின் இடுப்பில் உட்கார்ந்து அதே வழியில் உப்போடைக்குத் திரும்பிப் போனது. அந்த ஆவணிக்குள் இன்னொரு பெண்ணும் அதே வழியில் வந்து, அதே மருத்துவச்சியிடம் பிள்ளை பெற்றுப் போனாள்.

அந்த ராஜா போய், அவர் பேரன் காலமும் போய், மரியாதை ஏட்டைக் கரையான் தின்று தீர்த்தது. ஆனால் அந்த நாட்டில் ஒரு வழக்கம் மட்டும் நின்றுவிட்டது. யாராவது நடக்கிற பாதையில் வேலி போட்டால், ஊரார் சண்டை பிடிப்பதில்லை. மறுநாள் காலையில் வீட்டில் இருக்கிற பித்தளைக் கலம் எதையாவது, சொம்போ, பால் குவளையோ, இரண்டு கையாலும் மார்புக்கு நேராக ஏந்திக்கொண்டு ஓர் ஆள் வேலி முன்னால் வந்து நிற்பார். வேலிக்காரர் கலத்தைப் பார்ப்பார். பிறகு உள்ளே போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து முள்ளை அகற்ற ஆரம்பிப்பார்.